கை வைத்த இடத்தில்

அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டுக்கு 1971-இல் கரண்ட் வந்தது. அப்போது எனக்கு ஆறு வயது. பக்கத்துப் பாபநாசத்தில் தாமிரபரணித் தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுக்கத் தொடங்கியது 1944-இல். ஊரில் பல தெருக்களில் எப்போதோ விளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. வயரிங் செலவுக்கு அப்பா காசு சேர்த்து முடிக்கத்தான் 1971 ஆகிவிட்டது. மொத்தம் ஐந்து பாயிண்ட். திண்ணை, பட்டாசாலை, அடுப்படி, சாமி படம் என்று நாலு போயிற்று. ஐந்தாவது, பின்னால் தனியாக நின்ற குளிப்பறைக்கு.

அந்த ஐந்தாவது பாயிண்டுக்காக வீட்டில் இரண்டு நாள் பேச்சு நடந்தது. ஆண்கள் எல்லாரும் ஆற்றில் குளிக்கிற ஊர். குளிப்பறை பெண்களுக்கும், பிள்ளை பெற்றவளுக்கும், நடக்க மாட்டாத வயசாளிகளுக்கும் உரியது. "அங்க எதுக்கு லைட்டு?" என்று தாத்தா கேட்டார். ஆச்சி விடவில்லை. "ராத்திரி பின்னால போறவ காலடியில என்ன கெடக்குன்னு பாக்க வேண்டாமா?" என்றாள். முந்தின ஐப்பசி மழையில்தான் அத்தையைத் தேள் கொட்டியிருந்தது. தாத்தா அதற்கு மேல் பேசவில்லை.

குளிப்பறையும் கக்கூஸும் ஒரே சுவரால் ஒட்டியிருந்தன. அந்த நடுச்சுவரின் உச்சியில் இரண்டு செங்கலை உருவி எடுத்துவிட்டு, அந்தப் பொந்தில் 40 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிட்டார்கள். ஒரே பல்பு இரண்டு பக்கமும் வெளிச்சம் தரும். ஈரக் காற்று போக வழி என்று தனியாக எதுவும் கிடையாது, தேவையும் படவில்லை. ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி சுற்றிவர இருந்தது. வெந்நீர் அண்டாவின் ஆவியும் விறகுப் புகையும் அது வழியாகத் தானே மேலேறிப் போகும். பொதிகைமலைக் காற்று மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

சுவிட்ச் மட்டும் குளிப்பறையில் இல்லை. வீட்டின் புறவாசல் நிலைக்கு உள்பக்கம், வலது கை ஓரம் இருந்தது. வயரிங் செய்த பெரியவர் அப்பாவிடம் காரணம் சொன்னார்: "ஈரக் கையோட யாரும் சுவிட்சத் தொடக் கூடாது பாருங்க. போகும்போது காஞ்ச கையோட போட்டுட்டுப் போவாங்க. வரும்போது துண்டுல தொடச்சுட்டு வந்து அணைப்பாங்க." இன்னொரு வசதியும் அதில் இருந்தது. முற்றத்தில் காலை வைக்கும் முன்பே பொந்திலிருந்து விழும் வெளிச்சம் தரையில் பரவிவிடும். ஆச்சி கேட்டது அதைத்தான்.

அந்தச் சுவிட்சை இப்போதும் கண்ணை மூடினால் விரலில் உணர முடியும். தேக்குக் கட்டையின் மேல் திருகியிருந்த கறுப்பு பேக்கலைட் வட்டம். நடுவில் துருத்திக்கொண்டு ஒரு பித்தளைக் குமிழ். கீழே தட்டினால் எரியும், மேலே தூக்கினால் அணையும். தட்டும்போது 'டக்' என்று வீடு முழுக்கக் கேட்கும். ராத்திரியில் அந்த முதல் 'டக்' கேட்டால் அம்மாவுக்கு முழிப்புத் தட்டும். இரண்டாவது 'டக்' கேட்கிறவரை அவள் தூங்கமாட்டாள். போனவர் நல்லபடியாகத் திரும்பிவிட்டார் என்பதற்கு அதுதான் சேதி. கொஞ்சம் கூடுதலாக நேரமானால், "ஏ, யாரு பின்னால?" என்று குரல் கொடுப்பாள்.

பின்னாளில் நான் இயற்பியல் ஆசிரியரானேன். அந்தச் சத்தத்தின் காரணத்தைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வருஷமும் சொல்லிக்கொடுத்தேன். சுவிட்சுக்குள் இருக்கும் இரண்டு உலோக முனைகளை மெதுவாகப் பிரித்தால், நடுவிலுள்ள காற்று வழியே கரண்ட் தாவும். தீப்பொறி நீண்டு எரிந்து முனைகளைக் கரித்துவிடும். தொடக்ககாலச் சுவிட்சுகளின் பெரிய குறை இதுதான். இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜான் ஹென்றி ஹோம்ஸ் என்பவர் 1884-இல் இதற்கு வழி கண்டார். உள்ளே ஒரு ஸ்பிரிங். நம் விரல் எவ்வளவு மெதுவாகத் தள்ளினாலும், ஒரு கட்டத்தைத் தாண்டியதும் ஸ்பிரிங் முனைகளைப் பட்டென்று பிரித்துவிடும். பொறி நீளுவதற்கு நேரமே இராது. நாம் கேட்கும் 'டக்' அந்த ஸ்பிரிங் தாவும் சத்தம். எங்கள் அம்மாவின் காவலுக்கு வேலை செய்ததும் அதுதான்.

அந்த வீட்டில் ஒரு பிழையும் நடந்தது. 1974-இல் என்று நினைவு. குளிப்பறைப் பல்பு பீஸ் போய்விட்டது. சித்தப்பா சுவிட்சை அணைத்துவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறி, பழைய பல்பைக் கழற்றினார். விரல் ஹோல்டருக்குள் பட்டதும் தூக்கிப் போட்டது. கீழே ஈரத்தரை. நல்லவேளை, தோள்பட்டையில் அடியோடு போயிற்று. சுவிட்ச் அணைந்திருக்க எப்படி ஷாக் அடித்தது என்று யாருக்கும் புரியவில்லை. மறுநாள் வேறொருவர் வந்து டெஸ்டர் வைத்துப் பார்த்துச் சொன்னார். சுவிட்சை பேஸ் கம்பியில் கொடுக்காமல் நியூட்ரலில் கொடுத்திருக்கிறார்கள். அணைத்தால் பல்பு அணையும். ஹோல்டர் வரைக்கும் கரண்ட் நிற்கும். அன்றே மாற்றிக் கட்டினார்கள். எந்தச் சுவிட்சும் பேஸில்தான் இருக்க வேண்டும் என்பதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை; சித்தப்பாவின் தோளில் ஆச்சி எண்ணெய் தேய்த்தபோது கற்றுக்கொண்டேன்.

2009-இல் பாளையங்கோட்டையில் ஃபிளாட் வாங்கினோம். அப்பா போனபிறகு, 2013-இல் அம்மா எங்களோடு வந்துவிட்டாள். அவளுக்கென்று கொடுத்த அறையை ஒட்டியே பாத்ரூம். எட்டடிக்கு ஐந்தடி, உயரம் ஒன்பதடி. மழையில் நனைய வேண்டாம், முற்றம் தாண்ட வேண்டாம், தேள் பயம் இல்லை. அம்பாசமுத்திரத்தில் அவள் பட்ட பாடெல்லாம் இனி இல்லை என்று எனக்கு மனது நிறைந்திருந்தது.

வாசலுக்கு வெளியே ஒரு சுவிட்ச் போர்டு. ஒரே அளவில், ஒரே வெள்ளையில் நாலு சுவிட்ச்: லைட், கண்ணாடி லைட், கீசர், பிளக். போர்டு கதவின் கீல் பக்கம் இருந்தது. கதவு திறந்திருந்தால் அதன் பின்னால் போய் மறைந்துகொள்ளும். வீட்டைக் கட்டியவர்கள் வைத்த இடம். வாங்கும்போது நான் அதைப் பார்க்கவில்லை. டைல்ஸைப் பார்த்தேன், குழாயைத் திறந்து பார்த்தேன், சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லை. அம்மா வந்த முதல் வாரத்தில் தினமும் ராத்திரி கீசரைப் போட்டுவிட்டு, லைட் எரியவில்லை என்று நிற்பாள். நான் எழுந்து போய்ப் போட்டுக் கொடுப்பேன். பிறகு பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மழைக்காலம் போனதும் உத்தரத்தில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. பூசணம். அம்மா கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் குளிப்பாள். கண்ணாடிப் பட்டை ஜன்னலை வாடைக்குப் பயந்து மூடியே வைத்திருப்பாள். ஆவி போக வழியில்லை. ஆகவே 2016-இல் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வைக்க முடிவெடுத்தோம். 6 அங்குல ஃபேன். எலக்ட்ரீஷியன் தம்பி சுவரைத் துளைத்து மாட்டிவிட்டுக் கேட்டார்: "அண்ணாச்சி, போர்டுல எடமில்ல. தனி சுவிட்ச் வேணும்னா சுவத்த ஒடச்சு பெட்டிய மாத்தணும். லைட்டோட சேத்துக் குடுத்துறவா? லைட்டப் போட்டா ஃபேனும் ஓடும், அணைச்சா நின்னுரும்."

எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. யாரும் மறக்கமாட்டார்கள். அம்மா ஃபேனைத் தனியாகப் போடமாட்டாள் என்று எனக்குத் தெரியும். கரண்ட் வீணாகும் என்பாள். 40 வாட் பல்பை இரண்டு மணி நேரம் எரித்தால் மாதம் 2.4 யூனிட் என்று அப்பா போட்ட கணக்கிலேயே குடும்பம் நடத்தியவள். லைட்டோடு சேர்த்துவிட்டால் அந்தப் பேச்சே வராது. சுவரையும் உடைக்க வேண்டாம். "சேத்துருங்க தம்பி" என்றேன்.

அந்த ஒரு வார்த்தைக்காக நான் இன்றும் வருந்துகிறேன்.

2017 கார்த்திகையில் ஒரு ராத்திரி, மூன்று மணி இருக்கும், பாத்ரூமிலிருந்து ஒரு சத்தம். ஓடிப் போனேன். உள்ளே இருட்டு. சுவிட்சைத் தட்டியதும் லைட்டும் ஃபேனும் சேர்ந்து பிடித்தன. அம்மா தரையில் உட்கார்ந்தபடி வலது கையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டு எலும்பு முறிவு. ஆறு வாரம் கட்டு.

"லைட்டப் போடாம ஏம்மா போன?" என்று மறுநாள் ஆஸ்பத்திரியில் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்: "லைட்டப் போட்டா அந்த ஃபேனு ஹோன்னு சத்தம் போடுதுய்யா. பிள்ளைக்குப் பரீட்சை நேரம். நீயும் காலைல எந்திரிக்கணும். எல்லாரையும் எதுக்கு எழுப்பணும்னு இருட்டுலயே போயிக்கிடுவேன்."

"எத்தன நாளா?"

"ஃபேன் போட்டதுலேருந்துதான்."

ஒரு வருஷத்துக்கும் மேலாக என் தாய் இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு போய் வந்திருக்கிறாள். 1971-இல் ஓட்டு வீட்டில், பின்னால் ஒரே ஒரு பல்பு இருந்த காலத்தில், அவள் ஒரு நாளும் இருட்டில் போனதில்லை. சுவிட்சின் 'டக்' சத்தத்தை அவள் காவலுக்கு வைத்திருந்தாள். இங்கே, நான் சேர்த்துக் கட்டிய சத்தத்துக்குப் பயந்து வெளிச்சத்தையே விட்டுவிட்டாள்.

அன்றைக்கே ஃபேனின் வயரைக் கழற்றச் சொன்னேன். பூசணம் வந்தால் வரட்டும். பாத்ரூமை முழுசாக மாற்றிக் கட்டுவதற்கு மறுவருஷம் ஆகிவிட்டது. நடுவில் மகளின் பிரசவத்துக்காக லண்டன் போயிருந்தோம். அங்கே அவள் வீட்டுப் பாத்ரூமில் சுவரில் சுவிட்சே இல்லை. உத்தரத்திலிருந்து ஒரு கயிறு தொங்கியது. இழுத்தால் எரியும், இன்னொரு தரம் இழுத்தால் அணையும். ஈரக் கை கயிற்றைத்தான் தொடும், சுவிட்ச் மேலே கைக்கெட்டாமல் இருக்கும். அவர்களும் லைட்டோடு ஃபேனைச் சேர்த்திருந்தார்கள். ஆனால் ஒரு வித்தியாசம். லைட்டை அணைத்த பிறகும் ஃபேன் கொஞ்ச நேரம் ஓடிவிட்டுத் தானாக நின்றது. மருமகன் விளக்கினார். ஜன்னல் இல்லாத பாத்ரூம் என்றால் அப்படி 15 நிமிஷம் ஓட வேண்டும் என்பது அங்கே கட்டட விதி. வினாடிக்கு 15 லிட்டர் காற்றையாவது ஃபேன் வெளியே தள்ள வேண்டும். வெளியே கதவுக்கு மேலே ஃபேனுக்கென்று தனியாக ஒரு மெயின் சுவிட்சும் இருந்தது. அதை அணைத்தால் லைட் எரியும், ஃபேன் சும்மா இருக்கும். நான் அந்தச் சுவிட்சையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்படி ஒன்று என் வீட்டில் இருந்திருந்தால் போதுமே என்று இருந்தது.

அந்த 15 நிமிஷத்தின் அருமை ஊருக்குத் திரும்பிக் கணக்குப் போட்டபோது புரிந்தது. எங்கள் பாத்ரூமின் கொள்ளளவு 360 கன அடி, சுமார் 10 கன மீட்டர். ஃபேன் பெட்டியில், மணிக்கு 200 கன மீட்டருக்கு மேல் காற்றைத் தள்ளும் என்று போட்டிருந்தது. மூன்று நிமிஷத்தில் அறையின் காற்று முழுக்க மாறிவிட வேண்டும். ஆனால் ஈரம் காற்றில் மட்டும் இல்லையே. டைல்ஸில், வாளியில், துண்டில், தரையில் இருக்கிறது. அது காய்ந்துகொண்டே இருக்கும். அந்த ஆவியும் வெளியேற வேண்டும். குளித்து முடித்தவர் லைட்டை அணைத்ததும் ஃபேனும் நின்றுவிட்டால், வேலை ஆரம்பிக்கும் நேரத்தில் ஆளை அனுப்பிவிட்ட கதைதான். பூசணம் போகாமல் இருந்ததற்கு அது ஒரு காரணம். இன்னொன்று, கதவின் அடியில் இடைவெளியே இல்லை. காற்று உள்ளே வர வழியில்லாமல் வெளியே போகாது. மூடிய கதவுக்குள் ஃபேன் வெறுமனே இரைந்துகொண்டிருந்தது. ஃபேனை ஒட்டிய ஜன்னலைத் திறந்து வைத்தாலும் பயனில்லை. அங்கிருந்தே காற்றை இழுத்து அங்கேயே விட்டுவிடும். கதவடியிலிருந்து காற்று புகுந்து, அறையைக் கடந்து, எதிர்ச்சுவர் ஃபேன் வழியாக வெளியேற வேண்டும். புதுக் கதவில் முக்கால் அங்குலம் விடச் சொன்னேன்.

சுவிட்ச் வாங்க அம்மாவை நானே கூட்டிக்கொண்டு திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு எலக்ட்ரிகல் கடைக்குப் போனேன். கடைக்காரர் மாதிரிக்கு வைத்திருந்த போர்டுகளை மேஜைமேல் வரிசையாகப் பரப்பினார். முதலில், கண்ணாடி போலப் பளபளத்த தொடுசுவிட்ச். விரல் பட்டாலே எரிகிறது. அம்மா தொட்டாள், எரிந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "இது போட்டிருக்கா அணைச்சிருக்கான்னு இருட்டுல கை வச்சா எப்படித் தெரியும்?" கடைக்காரரிடம் பதில் இல்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. சாதாரணச் சுவிட்ச் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று விரல் சொல்லிவிடும். வழவழவென்ற கண்ணாடி ஒன்றும் சொல்லாது. கை ஈரமாக இருந்தால் தொடுசுவிட்ச் சரியாக வேலை செய்யும் என்றும் நம்ப முடியாது.

அடுத்து, நாம் எல்லா வீட்டிலும் பார்க்கிற ஒல்லிச் சுவிட்சுகள். முறிந்து கூடிய வலது மணிக்கட்டு அம்மாவுக்கு முழுசாகத் திரும்பாது. விரல் நுனியை அந்தக் குறுகிய இடத்தில் வைத்து அழுத்த அவள் சிரமப்பட்டாள். நுனி வழுக்கிப் பக்கத்துச் சுவிட்சில் பட்டது. வந்த புதிதில் அவள் கீசரைப் போட்டுவிட்டு லைட் எரியவில்லை என்று நின்றதும் இந்த ஒல்லிச் சுவிட்சுகளால்தான் என்று எனக்கு மெல்ல விளங்கியது. கடைக்காரர் உள்ளே போய், இரண்டு சுவிட்ச் இடத்தை ஒன்றே அடைத்துக்கொள்ளும் அகலச் சுவிட்ச் ஒன்றைக் கொண்டுவந்தார். அம்மா விரல்களை மடக்கி, முட்டியால் லேசாகத் தள்ளினாள். 'டக்' என்று விழுந்தது. முகம் திரும்பி என்னைப் பார்த்தாள். புறங்கையால் ஒரு தரம், முழங்கையால் ஒரு தரம் தள்ளிப் பார்த்தாள். "இது போதும்யா" என்றாள்.

இதே அகலத்தில் சத்தமே வராத ரகமும் இருப்பதாகவும், இப்போது எல்லாரும் அதைத்தான் கேட்பதாகவும் கடைக்காரர் சொன்னார். "சத்தம் கேக்கிறதே இருக்கட்டும் அண்ணாச்சி" என்றேன்.

ஆள் வந்தால் தானே எரியும் சென்சார் லைட்டைப் பாத்ரூமில் அதற்கு முன்பே ஒரு வாரம் வைத்துப் பார்த்திருந்தோம். பெங்களூரில் இருக்கும் மகன் அனுப்பியது. அது உடம்புச் சூட்டின் அசைவைப் பார்த்து எரிகிற வகை. அசையாமல் உட்கார்ந்தால் ஆள் இல்லை என்று எடுத்துக்கொண்டு அணைந்துவிடும். "உக்காந்த எடத்துல திடீர்னு இருட்டாயிட்டுய்யா. பயந்துட்டேன்" என்றாள் அம்மா. அந்தச் சென்சாரை வீணாக்கவில்லை. கட்டிலிலிருந்து பாத்ரூம் வரைக்குமான வழியில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில் ஒரு சின்ன விளக்குக்கு வைத்துவிட்டோம். நடக்கிறவர் அசைந்துகொண்டுதானே இருப்பார். அங்கே அது தவறுவதில்லை.

எலக்ட்ரீஷியன் தம்பி வந்ததும் சுவர் முன்னால் அம்மாவை நிற்கவைத்தேன். வழக்கமாகப் போர்டு நாலரை அடி உயரத்தில் வைப்பார்கள். அம்மா கையை இயல்பாக முன்னால் நீட்டியபோது உள்ளங்கை விழுந்த இடத்தைப் பென்சிலால் குறித்தோம். மூன்றரை அடி. கதவின் கீல் பக்கத்தை விட்டுவிட்டு, கைப்பிடிப் பக்கம் வைத்தோம். கதவை நோக்கி வருகிற கை முதலில் படுகிற இடத்தில் அகலச் சுவிட்ச்: அது லைட். அதற்கு அடுத்து ஒல்லிச் சுவிட்ச்: அது ஃபேன். அந்தப் போர்டில் வேறு சுவிட்ச் எதுவும் கிடையாது. 2 கிலோவாட் கீசர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 20 ஆம்பியர் சுவிட்ச், பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து அறுக்கிற வகை, சிவப்பு விளக்கோடு, தனிப் பெட்டியில் தலைக்கு மேலே. தவறிக்கூட அம்மாவின் கை அங்கே போகாது. பாத்ரூமுக்குள்ளே ஒரு சுவிட்சும் இல்லை.

ஃபேனின் வேலையைச் சின்ன டைமர் ஒன்று பார்த்துக்கொள்கிறது. சுவிட்சை அணைத்த பிறகு 15 நிமிஷம் ஓடிவிட்டு நிற்கும். அதற்கு ஃபேனுக்கு எப்போதும் கரண்ட் இருக்கிற ஒரு கம்பி, சுவிட்சிலிருந்து வருகிற ஒரு கம்பி, நியூட்ரல் என்று மூன்று கம்பி போக வேண்டும். சுவரை உடைத்த நேரத்திலேயே இழுத்துவிட்டோம். பிறகு நினைத்தால் மறுபடி உடைக்க வேண்டியதுதான். ராத்திரி அம்மா லைட்டை மட்டும் போடுவாள், ஃபேன் வாயைத் திறக்காது. காலையில் குளிக்கும்போது இரண்டையும் போடுவாள். கரண்ட் கணக்கையும் அவளுக்குச் சொன்னேன். 30 வாட் ஃபேன் நாளுக்கு ஒரு மணி நேரம் ஓடினாலும் மாதம் ஒரு யூனிட் ஆகாது. "பழைய குண்டு பல்ப விடக் கொறச்சலா?" என்று கேட்டுக்கொண்டாள். அதன்பிறகு ஃபேனைப் போட ஒருநாளும் யோசித்ததில்லை. பூசணமும் திரும்பி வரவில்லை.

இருட்டில் இடம் தெரிய, சுவிட்சுக்குள்ளேயே சின்ன விளக்கு எரிகிற வகையைத்தான் முதலில் மாட்டினோம். அணைத்த பிறகும் எல்இடி பல்பு மங்கலாக மினுங்கிக்கொண்டிருந்தது. அந்தக் குட்டி விளக்கு வழியாகக் கசிகிற துளிக் கரண்டே எல்இடிக்குப் போதும். குண்டு பல்பாக இருந்தால் தெரிந்திருக்காது. அதைக் கழற்றிவிட்டு, போர்டிலேயே தனி இண்டிகேட்டர் ஒன்றை பேஸ், நியூட்ரலுக்கு நடுவே கொடுத்தோம். இப்போது ராப்பகல் ஒரு பச்சைப் பொட்டு எரிகிறது.

கடைசியாக மெயின் பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் ஒன்றா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். ஆள்மேல் பாய்ந்து தரைக்குப் போய்விட்டால் கணக்கு இடிக்கும். கண் இமைக்கும் நேரத்தில் கரண்டை அறுத்துவிடும். பீஸ் கட்டையால் இது முடியாது. சித்தப்பாவைத் தூக்கிப் போட்ட கரண்டுக்கு அந்த பீஸ் அசையக்கூட இல்லை. தம்பி அதை மாட்டி முடித்ததும், ஒவ்வொரு பாயிண்டாக டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொன்னேன். "எல்லாம் பேஸ்லதான் இருக்கு அண்ணாச்சி, நாலு தரம் பாத்துட்டேன்" என்றார். ஐந்தாவது தரமும் பார்க்கச் சொன்னேன்.

போன ஐப்பசியில் அம்பாசமுத்திரத்திலிருந்து சித்தி வந்து பத்து நாள் தங்கினாள். எழுபத்தாறு வயது, ஒரு கண்ணில் பார்வை குறைவு. அம்மாவோடு அதே அறையில் படுத்துக்கொண்டாள். முதல் நாள் ராத்திரி, வீட்டைச் சுற்றிக் காட்டும்போது பாத்ரூம் சுவிட்சைக் காட்ட மறந்துவிட்டேன். படுத்த பிறகு நினைவு வந்தது. எழுந்து போய் அறைக் கதவைத் தட்ட மனசில்லை.

இரண்டரை மணி வாக்கில் முழித்துக்கொண்டேன். 'டக்'. வெளிச்சம் கதவிடுக்கில் கோடாக விழுந்தது. ஃபேன் சத்தம் இல்லை. வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. நான் அசையாமல் படுத்திருந்தேன். தண்ணீர் ஊற்றுகிற சத்தம், வாளியில் குவளை வைக்கிற சத்தம், கதவு, பிறகு இரண்டாவது 'டக்'. கட்டில் கிரீச்சிட்டது.

காலையில் காப்பி கொடுக்கும்போது கேட்டேன். "ராத்திரி சுவிட்சு எங்கன்னு தேடுனியா சித்தி? காட்ட மறந்துட்டேன்."

சித்தி நிமிர்ந்து பார்த்தாள். "எதுக்குய்யா தேடணும்? கை வச்ச எடத்துலதான இருக்கு" என்று சொல்லிவிட்டு, டம்ளரை வாங்கிக்கொண்டாள்.